வடக்குப் பார்த்த வண்டி

உட்காருங்க தம்பி. கன்னியாகுமரி பஸ் இப்போதைக்கு வராது. கார்த்திகை மாசம், மாலை போட்ட சாமிகள் கூட்டம். பஸ் வந்தாலும் இந்தக் காவல்கிணறு நிறுத்தத்தில் நின்றுதான் போகும் என்று யார் கண்டது? பையை இப்படிப் பெஞ்சில் வையுங்க. டீ சாப்பிடுங்க, நான் வாங்கித் தருகிறேன். பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டேன். அதோ நிற்கிறது பாருங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி, வெள்ளை வண்டி. அதை ஒரு ஆள் நீளம் பின்னால் தள்ள வேண்டும். அவ்வளவுதான். நான், இந்த டீக்கடை இசக்கிப்பாண்டி, இப்போது நீங்க. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். ஐந்து பேருக்குக் குறைந்தால் அது அசையாது. பார்த்தாச்சு.

"ரிவர்ஸ் போட்டு எடுக்க வேண்டியதுதானே" என்றுதானே வாயெடுத்தீங்க? மத்தியானத்திலிருந்து இங்கே டீ குடிக்க வந்த அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள். நாட்டில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ரிவர்ஸ் இல்லை தம்பி. முன்னால் போக நான்கு கியர் இருக்கிறது, ஒரு குறையும் கிடையாது. பின்னால் போகத்தான் இல்லை. மனுஷனுக்கு மட்டும் பின்னால் போக வழி இருக்கிறதா என்ன? அப்படிச் சொல்லி நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். என் சம்சாரம் கோகிலவாணி தேறவில்லை.

அவள் இப்போது இங்கே இல்லை. மத்தியானம் இதே நிறுத்தத்தில் கன்னியாகுமரி பஸ் ஏறிப் போய்விட்டாள். சூரியன் கடலில் விழுவதற்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். சேராவிட்டால், தனியாகப் பார்த்துவிட்டு அப்படியே பல்லடத்துக்குப் பஸ் பிடித்துவிடுவாளாம். பல்லடத்துக்குப் போனால் எங்கள் வீட்டுக்குப் போவாளா, அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாளா என்று கேட்டேன். "கடலப் பார்த்துட்டு அதை யோசிக்கறேன்" என்றாள். பாருங்க, எப்படிப் பேச்சு. வெயில் அதோ அந்தக் காற்றாலை இறக்கைக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் உங்களிடம் கெஞ்சுகிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

முழுசும் சொல்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்க.

நான் நாச்சிமுத்து. ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மில்லை மூடின நாள் வரைக்கும் நைட் ஷிஃப்ட். பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தருகிறேன் என்று சூப்பர்வைசர் அவராகவே கூப்பிட்டுக் கேட்டார். வேண்டாம் என்றேன். பகலில் ஆளுக்கு ஆள் அதிகாரம். ராத்திரி என்றால் நானும் மெஷினும்தான். வீட்டுக்கும் அது வசதிதான். பகலெல்லாம் புருஷன் வீட்டிலேயே இருக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் காலையில் வந்து சாப்பிட்டுப் படுப்பேன். அவள் ஜன்னலுக்குக் கெட்டித் துணி கட்டி வெளிச்சத்தை அடைப்பாள். பையன் சின்னவனாக இருந்தபோது வீட்டுக்குள் குசுகுசு என்றுதான் பேசுவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "உன் வீட்டுல யாருக்கும் தொண்டை இல்லையாடா" என்று கேட்டாராம். விசில் வராமல் குக்கரில் பருப்பு வேக வைப்பது எப்படி என்று இந்தத் தமிழ்நாட்டில் கோகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மாதிரி ஒரு குடும்பம்.

மில்லை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்: "ஏனுங்க, இனிமேலாச்சும் பகல்ல எங்கயாச்சும் போலாமுங்க. நான் கடலே பார்த்ததில்ல. கன்னியாகுமரியில சூரியன் கடல்ல இருந்து வந்து கடலுக்குள்ளயே போகுதாமா. ரெண்டு பேரும் சும்மா உக்காந்து பார்த்துட்டு வந்தரலாம்."

ஓசூரில் இருக்கிற பையன் ரயிலுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றான். எவனோ படுத்து எழுந்த பெர்த்தில் என் சம்சாரத்தைப் படுக்க வைப்பேனா? படுக்கை, அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்து வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறேன், நீ ராணி மாதிரி வா என்றேன். இது ஒரு கெட்ட எண்ணமா? சொல்லுங்க.

கோயமுத்தூரில் ஒரு பட்டறைக்குப் பின்னால் ஆமணக்குச் செடிக்கு நடுவே இது கிடந்தது. சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கிற கேரவன். அந்தக் காலத்து வேனில் பாடி கட்டினது. என் கல்யாணத்துக்கும் மூத்த வண்டி. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, சுற்றிலும் குண்டு பல்பு. கோகிலா அதில் தன் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை பேரு இதுல அழுகறதுக்கு மேக்கப் போட்டாங்களோ" என்றாள். கெட்ட சகுனம் மாதிரி பேசாதே என்றேன்.

வண்டி ஓடுகிற நிலையில்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், நான் பொய் பேசுகிறவன் இல்லை. பட்டறைக்காரன், "சின்னச் சின்ன வேலைதானுங்க, ஒரு மாசத்துல முடிச்சுத் தந்தர்றேன்" என்றான். அவனிடம் எதற்கு விட வேண்டும்? இத்தனை வருஷம் மெஷினைப் பிரித்து மாட்டினவன், ஒரு வண்டியைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா? பகலில் எனக்குக் கை ஓடாது, பழக்கம் அப்படி. அதனால் சாப்பிட்டுவிட்டு ராத்திரிதான் வேலை செய்வேன். பகலில் படுத்துக்கொள்வேன். கோகிலா பழைய கெட்டித் துணியை எடுத்து ஜன்னலுக்குக் கட்டினாள். அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பழகின விஷயம் பாருங்க.

முதலில் கூரை. மழை பெய்தால் ஒழுகியது. தார் உருக்கி ஊற்றினேன். அதன்மேல் தகரம் அடித்தேன். தகரத்தின் மேல் மறுபடியும் தார். அதற்கப்புறம் ஒரு சொட்டு கிடையாது. வண்டி நின்றால் ஒழுகாது, ஓடினால் ஒழுகாது. பிரேக் போட்டால் மட்டும், இரண்டு தகரத்துக்கு நடுவில் தேங்கின தண்ணீர் அப்படியே திரண்டு டிரைவர் தலையில் இறங்கும். பிரேக் போடுகிற நேரத்துக்கு மட்டும் ஒழுகுவதை ஒழுகல் என்று சொன்னால் நியாயமா?

அடுப்பு மேடைக்குப் பிளைவுட் பலகை போதும் என்றாள். அவள் அண்ணன் பிளைவுட் கடை வைத்திருக்கிறான், அதனால் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? கிரானைட் கல் போட்டேன். வீடு என்றால் கிரானைட் இல்லாமலா? தரைக்கு டைல்ஸ். டைல்ஸ் இரண்டு வேகத்தடை தாண்டுவதற்குள் கீறல் விட்டது, அது வேறு விஷயம். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு ஐந்து ஆள் தேவைப்படுகிறது என்றால் அதில் மூன்று ஆள் அந்தக் கல்லுக்குத்தான்.

வயரிங்கும் நானேதான். ஹார்ன் அடித்தால் உள்ளே ஃபேன் சுற்றும். எங்கே இரண்டும் ஒட்டிக்கொண்டது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு லாபம் இருந்தது. வழியெல்லாம் கோகிலாவுக்கு வேர்த்தால் நான் ஹார்ன் அடிப்பேன். கோவில்பட்டி தாண்டி ஒரு போலீஸ்காரர் மடக்கினார். "ஆளே இல்லாத ரோட்டுல எவனுக்குய்யா இப்படி அடிக்கிற?" என்றார். "என் சம்சாரத்துக்குங்க" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கோகிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்கா அடிக்கச் சொல்லுங்க சார், புழுங்குது" என்றாள். அந்த மனுஷன் கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

என்ன இசக்கி? நாலாவது ஆளா? நல்லது. வாங்கண்ணா, லாரியிலிருந்து இறங்கினீங்களா? உட்காருங்க, டீ சாப்பிடுங்க. ஒன்றுமில்லை, ஒரு சின்ன வண்டி, லேசாகத் தள்ள வேண்டும். சின்ன வண்டிதான். சிரிக்காதே இசக்கி.

எங்கே விட்டேன்? கியர் பாக்ஸ். இரண்டாவது கியர் போட்டால் ஒரு முனகல் கேட்டது. ஓடாமல் போகவில்லை, வெறும் முனகல்தான். "முனகினா முனகட்டும். நானுந்தான் இத்தனை வருசமா முனகறேன், யாரு பிரிச்சுப் பார்த்தாங்க? கெளம்பலாமுங்க" என்றாள். அந்தத் தீபாவளிக்கே புறப்படுவதாக இருந்தோம். துணியெல்லாம் பையில் அடுக்கிவிட்டாள். அரைகுறையாக ஒன்றை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறவன் நான் இல்லை. கியர் பாக்ஸை இறக்கினேன். பிரித்தேன். துடைத்தேன். மாட்டினேன். முனகல் போன இடம் தெரியவில்லை. ஒரு பல்சக்கரம் மட்டும் மிஞ்சியது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை தம்பி. மில்லில் எந்த மெஷினைப் பிரித்து மாட்டினாலும் ஒன்றிரண்டு சாமான் மிஞ்சும், மெஷின் பாட்டுக்கு ஓடும். கம்பெனிக்காரன் தேவையில்லாமல் நாலு சாமான் கூட வைத்துத்தான் செய்வான் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. மிஞ்சாமல் மாட்டுகிறவன் புதுசு என்று அர்த்தம். கோகிலா அந்தச் சக்கரத்தைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போகப் புளி போட்டுத் தேய்த்து, இட்லி மாவுப் பாத்திரத்து மூடிமேல் கனத்துக்கு வைத்தாள். மாவு பொங்கினாலும் மூடி நகராது. அவ்வளவு நல்ல சக்கரம். அது ரிவர்ஸுக்கு உரிய சக்கரம் என்பது பொங்கலுக்குத்தான் தெரிந்தது, வண்டியைக் காம்பவுண்டிலிருந்து பின்னால் எடுக்க வேண்டி வந்தபோது.

மறுபடி இறக்கி அதை மாட்டியிருக்கலாமே என்பீங்க. மாட்டியிருக்கலாம். அதற்குள் கல், டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறிவிட்டது. தரையை உடைத்தால்தான் கியர் பாக்ஸ் வெளியே வரும். டைல்ஸ் போட்டது யார்? நான். என் வேலையை நானே உடைப்பேனா? "போறது முன்னாலதானே, பின்னால எதுக்கு?" என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அடுக்கின துணியை அவள் மறுபடியும் பீரோவில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாக ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

இங்கேதான் என் மச்சான் வருகிறான். கோகிலாவின் அண்ணன், சென்னியப்பன். திருப்பூரில் பிளைவுட் கடை, கூடவே வாஸ்துவும் பார்ப்பான். சும்மா சோதனைக்கு வண்டியை அவிநாசி வரைக்கும் ஓட்டிப் போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி டீ வைத்தோம். ஜன்னல் திரை அடுப்பில் விழுந்து தீப்பிடித்துக்கொண்டது. பெரிய தீ இல்லை. கோகிலா மாவைத் தூக்கி ஊற்றி அணைத்துவிட்டாள். இதை யாரோ போய் மச்சானிடம் சொல்ல, அவன் காம்பஸோடு வந்து இறங்கினான். வண்டியைச் சுற்றி வந்தான். "மாப்ள, வீட்டு வாசல்ல வண்டி வடக்கே பார்த்து நிக்குது. அடுப்பு அக்னி மூலையில இருக்குது. தண்ணி ஈசானியத்துல. படுக்கை கன்னி மூலையில. கக்கூஸ் வாயு மூலையில. அருமையா அமைஞ்சிருக்குது, யாரு பார்த்துக் குடுத்தது?" என்றான். யாரும் பார்க்கவில்லை, இடம் இருக்கிற இடத்தில் வைத்தேன் என்றேன். "அவிநாசியில எங்க பார்த்து நிறுத்துனீங்க?" என்றான். மேற்கே என்றேன். "அதான் பத்தீருச்சு" என்றான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது தம்பி. துளியும் கிடையாது. மெஷின் படித்தவன் நான். ஆனால் வடக்கே நிறுத்தினால் நமக்கு என்ன நஷ்டம்? கோகிலாவின் மனசுக்காகத்தான் டாஷ்போர்டில் ஒரு காம்பஸ் வாங்கி ஒட்டினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வண்டிங்கறது ஓடற சாமான். அதுக்கு ஏதுங்க தெசை?" அவளுக்காகச் செய்தால் அவளே இப்படிச் சொல்கிறாள். படிப்பறிவில்லை, என்ன செய்வது.

நேற்றைக்குப் புறப்பட்டோம். கடைசியில் புறப்பட்டோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வடக்கே பார்த்து இடம் கிடைத்தது, தங்கினோம். காலையில் நான் ஓட்ட, அவள் பின்னால் அந்த மேக்கப் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்றேன். "வெளிச்சத்துல முழிச்சிருக்கற மூஞ்சி. இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள். வேர்க்கிறதாக்கும் என்று ஹார்ன் அடித்தேன்.

கன்னியாகுமரியில் நுழைந்ததும் கடல் தெரிந்தது. ஒரு தெருவின் கடைசியில், துணி காயப் போட்ட மாதிரி ஒரு துண்டு நீலம். கோகிலா எழுந்து வந்து என் சீட்டுக்குப் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிறுத்துகிற மைதானத்தில் எள் விழ இடமில்லை, எல்லாம் சாமிமார் வண்டி. விசில் வைத்துக்கொண்டு ஒருத்தன் ஓடி வந்தான்.

"அண்ணே, மூக்கு கடலப் பாத்து விடுங்க!"

கடல் எங்கே இருக்கிறது? தெற்கே. நான் தலையை வெளியே நீட்டி, "வடக்கே பார்த்து விடலாங்களா?" என்றேன்.

"வடக்க பாத்தா? எல்லாவனும் தெக்கதான் பாத்து நிக்கான், ஒமக்கு மட்டும் என்னவாம்? போகும்போ ரிவர்ஸ்ல எடுத்துரும்!"

ரிவர்ஸ். சொல்லுங்க தம்பி, நான் என்ன செய்ய? தெற்கே மூக்கை வைத்தால் மொத்த வீடும் தலைகீழ். படுக்கை ஈசானியத்துக்குப் போய்விடும். கக்கூஸ் நேராக அக்னி மூலையில் போய் உட்காரும். அது கிடக்கட்டும், நான் நம்புகிறவன் இல்லை. உள்ளே விட்டுவிட்டால் வெளியே எடுப்பது எப்படி? பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள். நானும் பதிலுக்கு அடித்தேன். உள்ளே ஃபேன் சுற்றியது. கோகிலா, "நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன்" என்றாள். இரு, நல்ல இடமாகப் பார்க்கிறேன் என்று வண்டியைத் திருப்பினேன். விசில்காரன் ஒரு தடவை விசில் ஊதி முடிக்கிற நேரம், அவ்வளவு நேரம்தான் அவளுக்குக் கடல் தெரிந்தது.

ஊரைச் சுற்றினேன். சுற்றிச் சுற்றி வந்தேன். வடக்கே பார்த்தும் நிற்க வேண்டும், முன்னாலேயே வெளியேறவும் வழி வேண்டும். அப்படி ஒரு இடத்தை அந்த ஊரில் யாரும் கட்டி வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று வந்தேன். இன்னும் கொஞ்சம். காம்பஸைப் பார்த்துக்கொண்டே வந்தேன், முள் வடக்கிலேயே நின்றது. கடைசியில் இந்தக் கடை. இடமும் விசாலம், முள்ளும் நேர் வடக்கு. சந்தோஷத்தில் உள்ளே விட்டேன். முள்ளைப் பார்த்தவன் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கவில்லை. வாஸ்து மட்டும் பிரமாதம். வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்க, ஒரு குறை சொல்ல முடியாது.

கோகிலா இறங்கினாள். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இசக்கியிடம், "இங்கிருந்து கடலுக்கு எவ்வளவு தூரங்க?" என்று கேட்டாள். கேளுங்க, இசக்கியே சொல்வான்.

"நாம் என்னத்த சொல்ல? இருவது கிலோமீட்டர் இருக்கும் தாயின்னு சொன்னேன். அதுக்கு அந்த அக்கா, 'கடலத் தாண்டிக் கூட்டிட்டு வந்துட்டாரு'ன்னாவ. வேற ஒண்ணுஞ் சொல்லலியே."

கேட்டீங்களா? அதற்கப்புறம் என்னிடம் சொன்னாள்: "நான் கடலப் பார்க்கப் போறேன். நீங்க பார்க்கிங் பார்த்துட்டு வாங்க." பையை எடுத்தாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திரும்ப உள்ளே போனாள். மாவுப் பாத்திரத்து மேலே இருந்த பல்சக்கரத்தைத் தூக்கிப் பைக்குள் போட்டாள். அது எதற்கு என்று கேட்டேன். "நீங்கதான் வரல. உங்க கையில மிஞ்சுனதையாச்சும் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்" என்றாள். மிஞ்சுனது என்று அந்தச் சக்கரத்தைத்தானே சொன்னாள்? வேறு எதைச் சொல்லப் போகிறாள். பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் தெரிந்திருக்க மாட்டேன். தூரப் பார்வைக் கண்ணாடியை மேக்கப் கண்ணாடிப் பலகையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதோ என் சட்டைப் பையில் இருக்கிறதே, இதுதான். இது இல்லாவிட்டால் அவளுக்குக் கடலும் வானமும் ஒன்றுதான், எல்லாம் ஒரே சாம்பல். கண்ணாடியை மறந்தவள் சக்கரத்தை மறக்கவில்லை பாருங்க.

போனில் கூப்பிடலாமே என்பீங்க. கூப்பிட்டேன். எடுத்தாள். போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்திருப்பாள் போல. இரைச்சல். மில்லில் ராத்திரி எல்லா மெஷினும் ஓடும்போது வருமே, அதே இரைச்சல். நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் நானேதான் வைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

யார் தப்பு? சொல்லுங்க. சும்மா சிரித்தால் எப்படி? ஒரு மனுஷன் பெண்டாட்டிக்காக வீட்டையே சக்கரத்தில் ஏற்றினால், அவள் பஸ்ஸில் ஏறிப் போகலாமா?

"அண்ணாச்சி, அந்தா மீன் வண்டிக்காரரு வந்துட்டாரு. அஞ்சு ஆளாச்சு. தள்ளிருவோமா?"

ஆச்சா? எழுந்திருங்க தம்பி. அண்ணா, நீங்க அந்தப் பக்கம் வாங்க, கல் இருக்கிற பக்கம் வலுவான ஆள் வேண்டும். பின்னால் தள்ளினதும் நான் ஏறி முதல் கியர் போட்டு ஒரே திருப்பு. நேராகக் கன்னியாகுமரி. அந்த மைதானத்துக்குப் போனால்... அங்கே அந்த விசில்காரன் நிற்பான். பரவாயில்லை, இன்னொரு சுற்று சுற்றினால் வடக்கே பார்த்து ஒரு இடம்...

பஸ்ஸா? உங்கள் பஸ்தான். போங்க தம்பி, நீங்க போங்க, விட்டுவிட்டால் அடுத்தது எப்போதோ. நாலு பேரை வைத்து எப்படியாவது பார்க்கிறேன். ஒரே ஒரு உதவி. நீங்க அங்கேதானே போறீங்க? இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடுங்க. அடையாளம் சுலபம். மஞ்சள் கட்டம் போட்ட புடவை. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் இடம் விட்டு. பக்கத்தில் பை இருக்கும், பை கனமாக இருக்கும். நாச்சிமுத்து கொடுத்துவிட்டார் என்று சொன்னால் போதும். சூரியன் விழுவதற்குள் கொடுத்துவிடுங்க. அப்புறம் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

ஏன் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொள்றீங்க? வாங்கிக்கொள்ளுங்க. கனமா அது? "நீங்களே குடுங்க" என்றால் வண்டியை யார் பார்ப்பது? இத்தனை பேரை நிற்க வைத்துவிட்டு நான் எப்படி...

"போங்க அண்ணாச்சி! வண்டிய எவன் தூக்கிட்டுப் போவப் போறான்? அத அசைக்கவே அஞ்சு ஆளு வேணும்!"

இசக்கி, நீ சும்மா இரு. கண்டக்டர், ஒரு நிமிஷம்... சட்டையை விடுங்க தம்பி, கிழிந்துவிடும். வருகிறேன், வருகிறேன். இசக்கி! வண்டியைப் பூட்டவில்லை! பூட்ட வேண்டாம், விடு. பூட்டும் நான் போட்டதுதான், திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. மாவு மட்டும் வெளியே எடுத்து வை, மூடிமேல் கனத்துக்கு ஒன்றும் இல்லை, பொங்கிவிடும்.

அப்பாடா. நகருங்க சாமி, கொஞ்சம் நகருங்க. டிக்கெட் எனக்கும் சேர்த்து வாங்குங்க தம்பி, அப்புறம் தருகிறேன். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் போவது அந்தச் சக்கரத்துக்காகத்தான். அது இல்லாமல் ரிவர்ஸ் மாட்ட முடியாது. மற்றபடி உட்கார்ந்து கடல் பார்க்க எனக்கு நேரமில்லை, வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நீங்களே பாருங்க, வெயில் கண்ணில் அடிக்கிறது, இந்த நேரத்தில் எனக்கு விழித்திருந்து பழக்கமே கிடையாது.

ஏனுங்க தம்பி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் முதலில் தெரியும்?